அரை மணித்தியாலப் பிழை

எனக்கு வேலை கிடைத்த வாரம் வீட்டுக்கு வந்த பெரியம்மா, தேத்தண்ணியைத் தொடாமலே விசாரணையைத் தொடங்கினார்.

"கொம்பியூட்டர் படிச்சனி. இப்ப என்ன வேலை?"

"மற்ற ஆக்கள் செய்யிற புரோகிராமிலை பிழை இருக்கோ எண்டு பாக்கிறது, பெரியம்மா."

"பாத்து?"

"பாத்து, இன்ன இடத்திலை பிழை எண்டு எழுதிக் குடுக்கிறது."

"திருத்திறது?"

"அது அவையின்ரை வேலை."

பெரியம்மா அம்மாவைப் பார்த்தார். "உதுக்குச் சம்பளமும் குடுக்கிறாங்களோ? உன்ரை மச்சாள் உந்த வேலையை இவ்வளவு காலமும் சும்மாவெல்லோ செய்யிறாள்."

அம்மாவின் மச்சாள் என்றால் என் மாமி. அந்த நேரம் அவர் எங்கள் குசினியில் நின்று, அம்மா வைத்த சொதியை உள்ளங்கையில் விட்டுப் பார்த்து, "உப்புக் காணாது" என்று யாருக்கும் சொல்லாததுபோல் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். யோசித்துப் பார்த்தால், படித்துப் பட்டம் எடுத்து நான் பார்க்கப் போன வேலை அதுதான். மாமிக்கு அதில் பிறவி ஞானம் இருந்தது. எனக்குச் சான்றிதழ் இருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த கந்தோர் மருதனார்மடம் சந்தியில், உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடைக்கு மேலே. யன்னலைத் திறந்தால் சந்தையில் வாழைக்குலை விலை பேசுவது கேட்கும். மூடினால் கீழேயிருந்து பூச்சிமருந்து மணக்கும். எது பரவாயில்லை என்பதில் உடன்பாடு வராததால் யன்னல் எப்போதும் பாதி திறந்தபடி நின்றது. முதலாளியை நாங்கள் சேர் என்போம். கொழும்பில் பெரிய கம்பனியில் இருந்துவிட்டு ஊரோடு வந்தவர். மூத்த புரோகிராமரை எல்லோரும் அண்ணை என்போம். சேரும் சில நேரம் வாய் தவறி அண்ணை என்றுதான் கூப்பிடுவார். அவர்களைத் தவிர, காதில் மாட்டிய ஹெட்போனைச் சாப்பாட்டுக்கு மட்டும் கழற்றுகிற இரண்டு பெடியங்கள். கடைசியாக நான்.

மென்பொருளில் வரும் பிழையை நாங்கள் பக் என்போம். பக் கண்டுபிடித்தால் அதைப் பொதுவான ஒரு பட்டியலில் எழுத வேண்டும்: என்ன செய்தேன், என்ன வரும் என்று எதிர்பார்த்தேன், என்ன வந்தது. எழுதியதும் எல்லோருடைய தொலைபேசியிலும் மணி அடிக்கும். வேலைக்குச் சேர்ந்த அன்று மத்தியானத்துக்குள் நான் பதினொரு தரம் மணி அடித்துவிட்டேன். நல்ல பிள்ளை, கெட்டிக்காரி என்று சொல்லப் போகிறார்கள் என்று காத்திருந்தேன்.

அண்ணை கதிரையை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தார். குரலைத் தணித்தார்.

"நீர் எழுதினது எல்லாம் சரி. ஆனால் சேரும் பாப்பார் எல்லோ."

"ஓம், அவரும் பாக்கத்தானே அண்ணை எழுதிறது."

"வாயாலை சொல்லியிருக்கலாம். நான் பத்தடி தள்ளித்தானே இருக்கிறன்."

பிறகுதான் எனக்கு விளங்கியது. எங்கள் பக்கத்தில் ஒருவர் செய்த பிழையை வாயால் சொல்லலாம். வேலிக்கு மேலால் கத்தியும் சொல்லலாம். அடுத்த நாள் அதே வேலிக்கு மேலால் முருங்கைக்காயும் கொடுக்கலாம். எழுத்தில் கொடுத்தால் அதற்குப் பெயர் வேறு. அது பெட்டிசம். பாடசாலை அதிபர் மீதும் சங்கக்கடை மனேச்சர் மீதும் மேலிடத்துக்குப் போகும் சாமான். நான் முதல் நாளே அண்ணைக்கு எதிராகப் பதினொரு பெட்டிசம் போட்டிருந்தேன். ஹெட்போன் பெடியங்கள் அன்றைக்கே எனக்குப் பெட்டிசம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"தேத்தண்ணி வந்திட்டுது, பெட்டிசத்துக்கும் ஒண்டு குடுங்கோ."

"கவனம், சீனி காணாட்டி அதையும் எழுதிப்போடும்."

நான் கோபப்படவில்லை. சீனி உண்மையிலேயே காணாமல்தான் இருந்தது.

அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது சாதகப் பொருத்தம் பார்க்கும் மென்பொருள். சாதகத்தை நாங்கள் குறிப்பு என்போம். மானிப்பாயில் கலியாணம் பேசிக்கொடுக்கும் ஒரு புறோக்கர் அதைக் கேட்டிருந்தார். ஊரில் பெட்டை, வெளிநாட்டில் மாப்பிள்ளை. இரண்டு குறிப்பையும் சாத்திரியாரிடம் கொண்டு ஓடி, அவர் பார்த்து முடிப்பதற்குள் வேறு புறோக்கர் இடத்தை முடித்துவிடுகிறார் என்பது அவருடைய துயரம். பிறந்த இடம், திகதி, நேரம் கொடுத்தால் கணினி லக்கினம், கிரகம், பத்துப் பொருத்தம் எல்லாம் கணித்து, தன்னுடைய கடதாசித் தலைப்போடு அச்சடித்துத் தர வேண்டும் என்றார்.

இதை அண்ணைபோல் ஆசையோடு செய்தவர் யாருமில்லை. காரணம் கந்தோருக்கே தெரியும். மானிப்பாயில், புறோக்கரின் கந்தோருக்கு எதிர்ப்பக்கம் மருந்து விற்கிற பாமசியில் வேலை செய்த ஒரு பிள்ளையை அவர் விரும்பியிருந்தார். அண்ணையின் தாயார் சாதி, சீதனம் ஒன்றும் கேட்கவில்லை. குறிப்பு மட்டும் பொருந்த வேண்டும் என்றார். பொருந்துகிறது என்று தெரியாமல் பெட்டையின் முகத்தைப் பார்க்கவும் மாட்டேன் என்றார். பார்த்தால் பிடித்துவிடும், பிடித்த பிறகு பொருந்தாது என்றால் மனம் கேட்காது என்பது அவருடைய கணக்கு. அதனால் தன் பிறசர்க் குளிசையைக்கூட அந்தப் பாமசியில் வாங்காமல், பஸ் ஏறி யாழ்ப்பாணத்துக்குப் போய் வாங்கினார். சாத்திரியாரிடம் போகலாம் என்றால், அவர் எழுபது வீதம் பொருத்தம் முப்பது வீதம் சந்தேகம் என்று சொல்லி ஒரு பரிகாரமும் சொல்வார் என்று அண்ணைக்குப் பயம். தான் செய்த கணினியே சொல்லட்டும் என்று தாயாரைச் சம்மதிக்க வைத்திருந்தார். புறோக்கர் மென்பொருளைத் திறந்துவைக்கும் வெள்ளிக்கிழமை, தாயார் நேரில் வந்து, தன் கண்முன்னால் அச்சடித்த தாளை வாங்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு.

ஆகவே அந்த மென்பொருளின் முதல் வரியிலிருந்து அண்ணை அதைச் சோதித்தது ஒரே ஒரு சோடியை வைத்துத்தான். தன் குறிப்பு, அந்தப் பிள்ளையின் குறிப்பு. எதை மாற்றினாலும் அந்த இரண்டையும் போட்டுப் பார்ப்பார். 'உத்தமம்' என்று பச்சையில் வந்தால் சரி. ஒரு பரிசோதகர் என்ற வகையில் எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரே ஒரு ஆளின் காலை அளந்து ஊருக்கெல்லாம் செருப்புத் தைப்பதுபோல.

"வேற சோடியளும் போட்டுப் பாக்க வேணும் அண்ணை."

"போடும். ஆரையும் போடும். இது பொருந்தினால் எல்லாம் பொருந்தும்."

போட்டேன். முதலில் என்னையே போட்டேன். என் குறிப்பில் சிம்ம லக்கினம். கணினி கடக லக்கினம் என்றது. திகதி சரி, நேரம் சரி, இடம் சரி. வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, நான் பிறந்த நேரம் இதுதானே?"

"ஓம். பழைய நேரம்."

"அதென்ன பழைய நேரம்?"

அம்மா பெருமூச்சு விட்டார். நான் பிறந்த காலத்தில் அரசாங்கம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று நாடு முழுவதற்கும் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைத்திருந்ததாம். சில வருடம் கழித்துத்தான் பழையபடி திருப்பியதாம். மணிக்கூடு மாறியதே தவிர எங்கள் சனம் மாறவில்லை.

"புது நேரம் கந்தோருக்கும் பள்ளிக்கூடத்துக்கும். கோயிலுக்கும் குறிப்புக்கும் பழைய நேரம். கலியாணக் கார்ட்டிலை எந்த நேரம் எண்டு பக்கத்திலை போடாட்டி பாதிச் சனம் தாலி கட்டி முடிஞ்சாப் பிறகுதான் வரும். உன்ரை பேர்ப்பதிவிலை இருக்கிறது புதுசு. குறிப்பிலை இருக்கிறது பழசு."

"ஏனம்மா, நாடே மாத்தினால் நீங்களும் மாத்த வேண்டியதுதானே?"

"சூரியன் என்ன அரசாங்க உத்தியோகமே பாக்குது?"

பக் விளங்கிவிட்டது. எந்த நாடு எந்த நாளில் நேரத்தை மாற்றியது என்ற விபரம் கணினிக்குள் ஆயத்தமாக இருக்கும். அதன்படி, அந்தக் காலத்தில் இலங்கையில் பிறந்த எல்லோருடைய நேரமும் புதிய நேரம்தான் என்று கணினி நம்பி, அரை மணித்தியாலத்தைக் கழித்துவிட்டுக் கணித்திருக்கிறது. குறிப்பில் இருப்பதோ பழைய நேரம். அரை மணித்தியாலத்தில் பலருக்கு ஒன்றும் மாறாது. சிலருக்கு லக்கினமே மாறும்; லக்கினம் மாறினால் செவ்வாய் இருக்கிற வீட்டின் எண்ணும் மாறும். அந்தக் காலத்தில் பிறந்தவர்களுக்குத்தான் இப்போது ஊரெல்லாம் கலியாணம் பேசுகிறார்கள்.

நான் துள்ளிக்கொண்டு பட்டியலில் எழுதினேன். மணி அடித்தது. அண்ணை முதல்தரமாகப் பெட்டிசம் என்று சொல்லாமல் எழும்பி வந்தார்.

"இது வடிவான பக். உண்மையாத்தான் சொல்லுறன். கொழும்பிலை இருக்கிறவனுக்கு இது பிடிபடாது. நேரத்தைப் பழசோ புதுசோ எண்டு கேட்டு ஒரு பொத்தான் போட்டால் முடிஞ்சுது."

திரும்பிப் போய்த் தன் கணினியில் அந்தப் பொத்தானைப் போட்டார். வழக்கம்போல தன் சோடியைப் போட்டார். அவர் மணிக்கூடு மாறுவதற்கு முன் பிறந்தவர், அவருடையதில் மாற்றமில்லை. அந்தப் பிள்ளை மாறிய பிறகு பிறந்தவர். 'பழைய நேரம்' என்பதை அழுத்தினார். நான் இருந்த இடத்திலிருந்து அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. முதுகுக்கும் முகம் உண்டு என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

ஒன்பதாம் வீட்டில் பேசாமல் இருந்த செவ்வாய் எட்டுக்கு வந்திருந்தது. பெண்ணுக்கு எட்டில் செவ்வாய், மாப்பிள்ளைக்குச் செவ்வாய்க் குற்றம் இல்லை. பச்சையாக இருந்த 'உத்தமம்' போய் 'பொருந்தாது' என்று சிவப்பில் நின்றது.

கொஞ்ச நேரத்தில் எல்லோருடைய போனும் மணி அடித்தது. அண்ணை என் பக்கை மூடியிருந்தார். காரணம்: 'என் கணினியில் சரியாக வேலை செய்கிறது.'

நான் திறந்தேன். மணி.

அவர் மூடினார்: 'நேரத்தைச் சரியாகக் கொடுப்பது பாவனையாளரின் பொறுப்பு.' மணி.

நான் திறந்தேன். மணி.

'மிக அரிதாக நடக்கக்கூடியது.' மணி.

'எங்கள் ஊரில் இப்போது கலியாணம் பேசுகிற எல்லோருக்கும் நடக்கக்கூடியது' என்று எழுதித் திறந்தேன்.

சேர் அந்த நேரம் ஒரு செத்தவீட்டில் நின்றாராம். பறை அடிப்பவர் தன்னைப் பார்த்து முறைத்ததாகப் பிறகு சொன்னார். ஹெட்போன் பெடியங்கள் பல நாட்களுக்குப் பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அண்ணை என்னைப் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"தங்கச்சி, வெள்ளிக்கிழமை போகட்டும். திங்கட்கிழமை விடியவே நானே திருத்தித் தாறன்."

"அண்ணை, அவவின்ரை நேரம் பழசோ புதுசோ எண்டு கேட்டனீங்களோ?"

"இல்லை."

"ஏன்?"

"கேட்காத வரைக்கும் ரெண்டும் சரிதானே."

எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. "நீங்கள் கேளுங்கோ. புது நேரம் எண்டால் உங்களுக்கு ஒண்டும் மாறாது. எனக்கும் சந்தோசம்" என்றேன். அவர் போனை எடுத்து, என்னைப் பார்த்து, பிறகு படிக்கட்டைப் பார்த்து, அழைத்தார். அந்தப் பிள்ளைக்குப் பாமசியில் வயசாளிகளோடு கதைத்துப் பழகிய குரல். போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தாலும் கேட்கும்.

"பழைய நேரம்தான். அம்மா எனக்குச் சின்னனிலையே சொன்னவ. ஏன் கேக்கிறியள்?"

அண்ணை சொன்னார்.

"அப்ப, பிழை எண்டு தெரிஞ்சும் விடப் போறியளோ?"

"வெள்ளிக்கிழமை மட்டும்."

"இஞ்சை பாருங்கோ. திகதி முடிஞ்ச குளிசையை நான் வெள்ளிக்கிழமை மட்டும் விக்கிறன் எண்டால் நீங்கள் என்ன சொல்லுவியள்? உங்கடை அம்மாவுக்கு ஒரு நாள் தெரியவரும். அண்டையிலையிருந்து சோறு குழைஞ்சாலும் என்ரை செவ்வாய், மழை வந்தாலும் என்ரை செவ்வாய். எனக்கு ஏலாது. உள்ளதைச் சொல்லிக் கேளுங்கோ. இல்லையெண்டால் விடுங்கோ."

போனை வைத்துவிட்டார். அண்ணை படியில் இருந்தார்.

"ரெண்டு பேரும் ஒரே கட்சி போலை கிடக்கு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

ஆனால் அவர் உடனே போய்த் திருத்திவிடவில்லை. அடுத்த நாள் புறோக்கர் மென்பொருளைப் பார்வையிட வந்தார். நெற்றியில் சந்தனம், கையில் இரண்டு போன். சேர் அவரை முன் கதிரையில் இருத்தி, இப்படி ஒரு பக் வந்திருக்கிறது, பழைய நேரமோ புதிய நேரமோ என்று கேட்க வேண்டியிருக்கிறது என்று விளக்கினார். புறோக்கர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் திறந்தார்.

"கேட்டால் சனம் குழம்பும். கேக்காதேங்கோ. ரெண்டையும் போட்டுப் பாப்பம். எது பொருந்துதோ அதை எடுப்பம்."

சேரின் முகம் மலர்ந்தது. "அப்ப இது பக் இல்லை. கூடுதல் வசதி."

எனக்குப் பொறுக்கவில்லை. "சேர், அப்பிடியெண்டால் செவ்வாயையும் கையாலை இழுத்து விரும்பின வீட்டிலை விடுற மாதிரிச் செய்து குடுப்பம்."

"அது ஏலுமோ பிள்ளை?" என்று புறோக்கர் ஆவலோடு என் பக்கம் திரும்பினார்.

எல்லோரும் அண்ணையைப் பார்த்தோம். அவர் தலையாட்டினால் போதும். இரண்டு நேரமும் போட்டு, பொருந்துவதை எடுத்து, வெள்ளிக்கிழமை பச்சையில் அச்சடித்து, வாடிக்கையாளர் கேட்டதைத்தானே செய்தேன் என்று சொல்லிக்கொண்டு கலியாணமும் கட்டலாம். பொய்கூட இல்லை, வசதி.

அண்ணை விரல்களை நெட்டி முறித்தார். "இல்லை சேர். பிழை பிழைதான். கேட்டுத்தான் ஆக வேணும். நான் நேரத்தை மாத்திப் பொருத்திக் குடுத்துப்போட்டு, நாளைக்கு ஆரின்ரையோ வீட்டுப் பிரச்சினையிலை என்ரை புரோகிராம் நிக்கிறதை என்னாலை பாக்க ஏலாது."

புறோக்கர் போகும்போது சேரிடம், "உந்தப் பெடியனுக்கு இன்னும் கலியாணம் முடியேல்லையோ? விசரன். நல்ல இடம் ஒண்டு கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் அண்ணை பொத்தானைப் போட்டுத் தந்தார். நான் சோதித்தேன். என் லக்கினம் சிம்மத்துக்குத் திரும்பியது. அம்மாவிடம் கேட்டுச் சொந்தக்காரர் எல்லோரையும் போட்டேன், எல்லாம் சரி. கடைசியாக அண்ணையின் சோடி. சிவப்பு. பட்டியலில் 'சரியாக வேலை செய்கிறது' என்று எழுதி பக்கை நானே மூடினேன். எல்லோருடைய போனும் மணி அடித்தது. பெடியங்கள் ஒருவரும் பெட்டிசம் என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மானிப்பாயில் புறோக்கரின் கந்தோரில் வாழை கட்டி, நிறைகுடம் வைத்து, வாடிக்கைக் குடும்பங்களைக் கதிரைகளில் இருத்தியிருந்தார்கள். எனக்குத்தான் கணினியை இயக்கிக் காட்டும் வேலை. அண்ணையின் தாயார் பட்டுச் சேலை உடுத்து, குறிப்புகளை ஒரு சொப்பின் பையில் போட்டு, நெஞ்சோடு அணைத்தபடி முன்வரிசையில் இருந்தார். பக்கத்தில் தகப்பனார், சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடியோடு. அண்ணை வாசலில், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் நின்றார். தாயாரிடம் முந்தின நாளே சொல்லிவிடப் போகிறேன் என்றவர் சொல்லவில்லை என்பது அந்த நிலையிலேயே தெரிந்தது.

புறோக்கர் தேங்காய் உடைத்தார். "முதல் குறிப்பு எங்கடை இந்த அம்மாவின்ரை" என்று தாயாரை அழைத்தார். தாயார் என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார். பையை அவிழ்த்தார்.

"பிள்ளை, மகன்ரையைப் பிறகு போடுவம். முதல் உது சரியாச் சொல்லுதோ எண்டு பாக்க வேணும். என்ரையையும் இந்த மனுசன்ரையையும் போடு."

நான் மகிழ்ந்தே போனேன். விடை தெரிந்த கேள்வியை முதலில் கொடுத்துப் பார்ப்பது எங்கள் தொழிலின் அடிப்படை. கணினி ஒரு கணம் யோசித்தது. பத்துக்குப் பத்தும் பொருத்தம். பச்சையில், பெரிய எழுத்தில், 'அதி உத்தமம்.' சனம் கைதட்டியது. புறோக்கர் கைகூப்பினார்.

தாயார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்ப வாசித்தார்.

"வசியமும் பொருந்துதோ?"

"ஓம் அம்மா."

"மனப் பொருத்தமும்?"

"எல்லாமே அம்மா."

"உந்த மனுசனோடையோ?"

தகப்பனார் யன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தார்.

"பிள்ளை, கலியாணப் பந்தியிலையே பாயாசம் தண்ணியாப் போச்சு எண்டு என்ரை அண்ணையோடை சண்டை பிடிச்ச மனுசன். நான் காத்தாடியைப் போட்டால் நிப்பாட்டுவார், நிப்பாட்டினால் போடுவார். தொண்டைமானாற்றுக்கு, சந்நிதி கோயிலுக்குப் போவம் எண்டால் முழங்கால் நோ. அதே தொண்டைமானாற்றிலை மீன் வந்திருக்காம் எண்டால் முழங்காலும் இல்லை, நோவும் இல்லை, சைக்கிள்தான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் சொன்னதை ஓம் எண்டு கேட்டிருக்கிறாரோ எண்டு கேள்."

"கேட்டிருக்கிறன்" என்றார் தகப்பனார்.

"பாத்தியளே, இதுக்கும் மாறித்தான் சொல்லுறார். உது பிழை பிள்ளை."

புறோக்கர் பதறி முன்னுக்கு வந்தார். "அம்மா, அந்தக் காலத்திலை உங்களுக்குப் பாத்த சாத்திரியாரும் இதைத்தானே சொல்லியிருப்பார்."

"ஓம். அவரும் பிழைதான் விட்டவர்."

நான் வாயைத் திறந்தேன். கணிப்பில் பிழையில்லை, அவர்கள் பிறந்த காலத்தில் ஒரு நேரம்தான், அரை மணித்தியாலப் பிரச்சினையே வராது என்று சொல்ல எல்லாம் ஆயத்தம். அப்போது வாசலில் நின்ற அண்ணை உள்ளே வந்தார். எல்லோருக்கும் முன்னால் தாயாரிடம் சொன்னார்.

"அம்மா, எங்கடையும் பாத்திட்டன். பொருந்தேல்லை. அவவுக்கு எட்டிலை செவ்வாய்."

"ஆர் சொன்னது? உதுவோ?"

"ஓம்."

"உது உன்ரை அப்பரையே அதி உத்தமம் எண்டு சொல்லுது. உதின்ரை கதையைக் கேட்டு நான் ஒரு பிள்ளையை வேண்டாம் எண்டுறதோ?"

குறிப்புகளைத் திரும்பவும் சொப்பின் பைக்குள் போட்டு முடிந்தார். எழும்பினார். ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் வாசலைக் கடந்து, பஸ் ஒன்றைக் கையால் மறித்து நிற்பாட்டி, றோட்டைக் கடந்து பாமசிக்குள் போனார்.

யன்னலால் எல்லோரும் பார்த்தோம். கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைக் கோட் போட்ட பிள்ளை. தாயார் கைப்பையிலிருந்து குளிசைக் கார்ட்டுகளை எடுத்து மேசையில் வைக்கிறார். பிள்ளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கிறார். ஒன்றைத் தள்ளி வைக்கிறார். ஏதோ சொல்கிறார். தாயார் ஏதோ சொல்கிறார். பிள்ளை தலையை ஆட்டி, விரலை நீட்டி, திரும்பவும் சொல்கிறார். அண்ணை என் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "ஏசுறாள். என்ரை அம்மாவை ஏசுறாள்" என்று முணுமுணுத்தார்.

அந்த நேரம் என் காதருகே ஒரு குரல். தகப்பனார்.

"பிள்ளை, உந்த உத்தமம் எண்டு வந்தது... அதை எனக்கு ஒண்டு அடிச்சுத் தரலாமோ?"

"என்னத்துக்கு ஐயா?"

"சும்மாதான். இவ்வளவு காலத்திலை எனக்குச் சார்பா வந்த ஒரே தீர்ப்பு."

அச்சடித்துக் கொடுத்தேன். நாலாக மடித்து, மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

தாயார் திரும்பி வந்தார். கையில் புதுக் குளிசைப் பக்கற். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அண்ணைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஒரே குளிசையை ரெண்டு கம்பனிப் பேரிலை வாங்கி, ரெண்டையும் சேத்துப் போட்டிருக்கிறனாம். தலைச்சுத்து அதாலைதானாம். ஆர் உங்களுக்கு இப்பிடிப் போடச் சொன்னது எண்டு என்னைப் பேச்சு."

"அம்மா, அவ அப்பிடித்தான், சத்தமாக் கதைப்பா..."

"கதைக்கட்டும். நான் ஆர் எண்டு தெரியாமலே பேசினவள், தெரிஞ்சாப் பிறகும் நிப்பாட்டேல்லை. எங்கடை வீட்டுக்கு வாயில்லாத பிள்ளை சரிவராது." பிறகு தகப்பனாரின் பக்கம் திரும்பினார். "வெளிக்கிடுங்கோ. அவளின்ரை தாய் தேப்பனைப் போய்ப் பாத்துக் கதைச்சுப்போட்டு வருவம்."

"இப்பவோ? இராகுகாலம் தொடங்கப் போகுது."

"பத்துக்குப் பத்தும் பொருந்தின எங்களை அது என்ன செய்யும்? நடவுங்கோ."

புறோக்கர் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். அண்ணை மோட்டார் சைக்கிளை எடுக்க ஓடினார். தகப்பனார் தன் சட்டைப் பையை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஓம், ஓம், வாறன்" என்று சொன்னபடி தாயாரின் பின்னால் நடந்தார்.